தோட்டப் பேரேடும் குடியிருப்புரிமையும்: பாகான் செராய் வட்டாரத் தமிழ்த் தொழிலாளரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பிழைப்புக்காக வேற்று நாடு சென்ற ஒருவர் அந்நாட்டிலேயே நிலைத்து வாழ விரும்பும்போது, அவர் அங்கு எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார், என்ன வேலை செய்தார் என்பதற்குச் சான்று கேட்கப்படுகிறது. அச்சான்றைப் பெரும்பாலும் தரவல்லவர் அவருக்கு வேலை கொடுத்த முதலாளியே. ஆகவே, நிரந்தரக் குடியிருப்புக்கான விண்ணப்பத்தில் முதலாளியின் ஆதரவு என்பது இன்று புதிதாகத் தோன்றிய சிக்கலன்று. மலாயாத் தமிழரின் வரலாற்றில் அது நூறாண்டுப் பழமை உடையது.

மலேசியத் தமிழர் குடியுரிமை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அரசியல் கட்சிகளின் பேச்சுவார்த்தைகளையும் அரசியலமைப்பு விதிகளையும் மையப்படுத்தியே அமைந்துள்ளன. தோட்ட அலுவலகத்தின் மேசைமீது இருந்த பேரேட்டுக்கும் தொழிலாளியின் குடியிருப்புரிமைக்கும் இடையிலான தொடர்பு போதிய கவனம் பெறவில்லை. அத்தொடர்பைப் பேராக் மாநிலத்தின் வடமேற்கில், கிரியான் மாவட்டத்தில் அமைந்துள்ள பாகான் செராய் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். தொழிலாளியின் வாழ்வு அவருடையதாக இருந்தும், அவ்வாழ்வின் எழுத்துச் சான்று அவருடையதாக இருக்கவில்லை என்பதே இக்கட்டுரை நிறுவ விழையும் கருத்தாகும்.

1. கரும்பும் நெல்லும் இரப்பரும்

மலாய்மொழியில் 'பாகான்' என்பது படகுத்துறையையும் 'செராய்' என்பது எலுமிச்சைப் புல்லையும் குறிக்கும். இன்று இவ்வூரைச் சூழ்ந்து காணப்படுபவை நெல்வயல்களும் செம்பனைத் தோட்டங்களுமே. ஆயினும் கிரியான் மாவட்டத்தின் பெருந்தோட்டப் பொருளாதாரம் கரும்பில்தான் தொடங்கியது. மலாய்மொழியில் சர்க்கரையைக் குறிக்கும் 'குலா' என்னும் சொல் இன்றும் இவ்வட்டாரத்தில் இடப்பெயராக நிலைத்திருப்பது அக்காலத்தின் எச்சமாகும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் பலர் உழைத்தனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு கைவிடப்பட்டு இரப்பர் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. குலா, களும்பாங் ஆகிய ஈரிடப் பெயர்களையும் இணைத்துப் பெயர் சூட்டப்பெற்ற இரப்பர் நிறுவனமும் இம்மாற்றத்தின் விளைவேயாகும்.

இதே காலத்தில், 1906-இல் நிறைவெய்திய கிரியான் நீர்ப்பாசனத் திட்டம், புக்கிட் மேராவில் தேக்கப்பட்ட நீரைக்கொண்டு இம்மாவட்டத்தை நாட்டின் முதன்மையான நெற்களஞ்சியங்களுள் ஒன்றாக ஆக்கியது. நெல் விளைந்த நிலம் உழுதவரின் பெயரில் பதிவாகியது. இரப்பர் விளைந்த நிலமோ நிறுவனத்தின் பெயரில் இருந்தது. இவ்வேறுபாடு குடியிருப்புரிமை வரலாற்றில் மிக முக்கியமானது.

தமிழருள்ளும் இவ்வேறுபாட்டைக் காண்கிறோம். 1880களில் கத்தோலிக்க மறைப்பணியாளரான ஃபே அடிகளாரின் முயற்சியால் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கர்க்கென ஒரு வேளாண் குடியிருப்பு தோன்றியது. நிலத்தை நம்பி வாழ்ந்த இத்தகைய குடும்பங்களுக்கு நிலமும், ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிந்துவைக்கும் கோயிலும் வசிப்புக்குச் சான்றாக அமைய வாய்ப்பிருந்தது. அடுத்திருந்த தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்தவர்க்கோ வீடும் சொந்தமன்று, நிலமும் சொந்தமன்று. வேலை போனால் வீடும் போகும். அவர்களின் வசிப்பைக் காட்டும் எழுத்து ஒன்றே ஒன்றுதான். அது தோட்ட அலுவலகத்தில் இருந்த பேரேடு.

2. பேரேட்டில் ஒரு பெயர்

இந்திய ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, 1907-இல், தமிழர் குடியேற்ற நிதி நிறுவப்பட்டிருந்தது. பின்னர் இந்தியர் குடியேற்ற நிதி என வழங்கிய இது, தொழிலாளரின் கப்பற் பயணச் செலவை ஏற்றுக்கொண்டது. இதற்குரிய பணத்தை இந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள் அனைவரும் வரியாகச் செலுத்தினர். அவ்வரி, தொழிலாளர் உழைத்த நாள்களின் கணக்கைக்கொண்டு விதிக்கப்பட்டது என்பது இங்குக் கருதத்தக்கது.

எனவே ஒவ்வொரு தோட்டமும் தன் தொழிலாளரின் நாட்கணக்கைத் துல்லியமாக எழுதி வைக்க வேண்டியிருந்தது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்படும். வந்தவர், வராதவர், நோயுற்றவர், அரைநாள் வேலை செய்தவர் என யாவும் 'செக்ரோல்' எனத் தோட்டத்தில் வழங்கிய நாட்கணக்குப் பேரேட்டில் பதியப்படும். இதனைப் பேணியவர் கிராணியார். இதற்குப் பொறுப்பாளர் துரை. சம்பளமும் அரிசியும் இப்பேரேட்டை வைத்தே கணக்கிடப்பட்டன. தமிழ்த் தொழிலாளரைப் போல் நாள்தோறும் எழுத்தில் பதியப்பட்ட மக்கட் பிரிவினர் மலாயாவில் வேறெவரும் இருந்திருப்பரோ என ஐயுறத்தக்க அளவுக்கு அவர்களின் வாழ்வு ஏடுகளில் ஏறியிருந்தது.

ஆயினும் அப்பேரேட்டின் படி தொழிலாளியின் கையில் இல்லை. அவர் தோட்டம் மாறினால் அவருடைய கடந்தகாலம் பழைய தோட்டத்திலேயே தங்கிவிடும். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை விட்டு நீங்கும் உரிமை சட்டப்படி அவருக்கு இருந்தது. கூலி சற்று மிகுதியாகக் கிடைக்கும் இடத்தையோ உறவினர் வாழும் இடத்தையோ நாடித் தோட்டம் மாறுதல் இயல்பாக நிகழ்ந்தது. அதனைப் பின்னாளில் ஒரு குறையாக மாற்றவல்ல சட்டம் வருமென அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

முதலாளிகளின் நோக்கும் இங்குக் குறிப்பிடத்தக்கது. இரப்பர் விலை உயரும்போது ஆளை வரவழைப்பதும், விலை சரியும்போது ஊருக்குத் திருப்பியனுப்புவதும் அன்றைய முறையாகும். 1930களின் தொடக்கத்தில் நிகழ்ந்த பொருளாதார வீழ்ச்சியின்போது பெருந்தொகையான தமிழர் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேற்றப்பட்டனர். இதன் விளைவைக் குடிமதிப்பிலும் காண்கிறோம். மலாயா, சிங்கப்பூர் இரண்டிலுமாக 1931-இல் 621,847 ஆக இருந்த இந்தியர் தொகை 1947-இல் 599,616 ஆகக் குறைந்திருந்தது. வீழ்ச்சி, இந்திய அரசு 1938-இல் உடலுழைப்பாளர் குடியேற்றத்துக்கு விதித்த தடை, போர் ஆகிய மூன்றும் இக்குறைவுக்குக் காரணங்களாகும். வந்து போகும் கூலியாளாகவே தொழிலாளியைக் கருதிய ஓர் அமைப்பில், அவர் இந்நாட்டிலேயே தங்கிவிடுவார் என்னும் எண்ணத்துக்கு இடமில்லை. ஆகவே அவர் தங்குவதற்குரிய சான்றைத் தயாரித்துத் தரும் கடமையும் எவருக்கும் விதிக்கப்படவில்லை.

ஆயினும் மக்கள் தங்கிக்கொண்டுதான் இருந்தனர். இந்தியருள் மலாயாவிலேயே பிறந்தவர் 1931-இல் நூற்றுக்கு 21 பேர் அளவில் இருந்தனர். 1947-இல் இது ஏறத்தாழப் பாதியாகவும், 1957-இல் நூற்றுக்கு 65 அளவாகவும் உயர்ந்தது. சட்டம் வருவதற்கு முன்பே வாழ்க்கை முடிவெடுத்துவிட்டது எனலாம்.

3. சட்டம் கேட்ட ஆண்டுக் கணக்கு

1948 பிப்ரவரி முதல் நாளில் நடப்புக்கு வந்த மலாயாக் கூட்டரசு உடன்படிக்கை, வெளியில் பிறந்து இங்கு வந்தவர்கள் கூட்டரசுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டுமாயின், முந்தைய 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருக்க வேண்டும் என விதித்தது. நன்னடத்தை, மலாய் அல்லது ஆங்கில அறிவு, நிலையாகத் தங்கும் எண்ணம் ஆகியவையும் கேட்கப்பட்டன. 1952-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் இங்குப் பிறந்தோரே பெரிதும் பயன்பெற்றனர். வெளியிலிருந்து வந்தோர்க்கு வசிப்புக் காலமும் மொழியறிவும் தடையாகவே நீடித்தன.

1957 ஆகஸ்டு 31-இல் நடப்புக்கு வந்த அரசியலமைப்பு இவ்வகையில் ஒரு பெரிய வாயிலைத் திறந்தது. விடுதலை நாளன்று இங்கு வாழ்ந்துகொண்டிருந்த வெளிநாட்டில் பிறந்தோர், முந்தைய 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் பதிவின்வழிக் குடியுரிமை பெறலாயினர். ஓராண்டுக்குள் விண்ணப்பித்தோர்க்கு மொழித்தேர்விலிருந்து விலக்கும் அளிக்கப்பட்டது.

இவ்விதிகள் ஒரு தொழிலாளியின் வாழ்வில் எவ்வாறு பொருந்தும் என்பதை விளக்க, ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். 1936-இல் 18 வயதில் பாகான் செராய்த் தோட்டமொன்றுக்கு வந்த ஓர் ஆடவர், போருக்குப்பின் 1947-இல் பெற்றோரைக் காண ஊர் சென்று, அங்கேயே திருமணம் முடித்து, 1949-இல் மனைவியுடன் திரும்பி வருகிறார் எனக் கொள்வோம். 1948-ஆம் ஆண்டின் விதிப்படி அவர் தகுதி பெறார். பதினோர் ஆண்டுகளே அவர் கணக்கில் இருந்தன. அவற்றுள் மூன்றரை ஆண்டுகள் சப்பானியர் ஆட்சிக் காலமாகும். 1957-58-ஆம் ஆண்டின் விதிப்படி அவர் ஐயமின்றித் தகுதி பெறுவார். ஊரில் இருந்த காலத்தைக் கழித்தாலும் 12 ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் இங்கேயே வாழ்ந்தவர். ஆயினும் 1958 ஆகஸ்டு 31-க்குள் படிவம் நிரப்பத் தவறினால், அதன்பின் மலாய்மொழித் தேர்வை அவர் எதிர்கொள்ள வேண்டும். 1962-இல் நிகழ்ந்த அரசியலமைப்புத் திருத்தத்துக்குப்பின் அப்பதிவு வழியே நீக்கப்பட்டது. எஞ்சியது, 12 ஆண்டுகளில் 10 ஆண்டு வசிப்பும் போதிய மலாய்மொழி அறிவும் கோரும் இயல்புரிமை வழி ஒன்றே. ஓராண்டுக் காலத் தாமதம் ஒருவரை வாழ்நாள் முழுதும் சிவப்பு அட்டைக்காரராக ஆக்கிவிடக் கூடியதாயிருந்தது.

அந்த ஓராண்டில் அவருக்குத் தேவைப்பட்டவை எவை? முதலாவது, செய்தி. இரண்டாவது, படிவம் நிரப்பும் எழுத்தறிவு. மூன்றாவது, மாவட்டத் தலைமையிடமான பாரிட் புந்தாருக்கோ வேறு அலுவலகத்துக்கோ சென்று வர ஒருநாள் ஓய்வு. தினக்கூலியாளுக்கு அது ஒருநாள் கூலி இழப்பாகும். நான்காவது, வசிப்புக்கான சான்று. 1948-இல் அவசரகாலத்தை ஒட்டி 12 வயதுக்கு மேற்பட்டோர்க்கு வழங்கப்பட்ட அடையாள அட்டை, அதற்குப் பிந்திய காலத்துக்கு ஓரளவு சான்றாகியது. அதற்கு முந்திய காலத்தை மெய்ப்பிக்கத் தோட்ட நிருவாகத்தின் கடிதத்தைப் போன்ற வலுவான ஆவணம் வேறொன்றும் தொழிலாளியிடம் இல்லை.

இந்நான்கனுள் மூன்றை முதலாளி எளிதில் தந்திருக்கக்கூடும். பெரட்டில் ஓர் அறிவிப்பு, கிராணியாரின் ஒரு மாலைப்பொழுது, துரையின் ஒரு கையொப்பம் ஆகியவையே அவை. உதவிய துரைமாரும் கிராணிமாரும் இருந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அஃது அவர்தம் நல்லெண்ணத்தைப் பொறுத்ததாக இருந்ததேயன்றிச் சட்டக் கடமையாக இருக்கவில்லை. அடுத்தடுத்த இரு தோட்டங்களில் ஒரே ஆண்டு கப்பலிறங்கிய இருவருள் ஒருவர் நீல அட்டையும் மற்றவர் சிவப்பு அட்டையும் பெறக்கூடிய நிலை இவ்வாறு உருவாயிற்று.

முதலாளிகள் விட்ட இடத்தை நிரப்பியவை மலேசிய இந்தியர் காங்கிரசின் கிளைகளும், 1954-இல் ஐந்து சங்கங்களின் இணைப்பால் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும், ஊர்தோறும் இருந்த வாசகசாலைகளும் ஆசிரியர்களுமாவர். பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவரும் 1955 முதல் ம.இ.கா.வின் தலைவராக இருந்தவருமான துன் வீ.தி. சம்பந்தன் குடியுரிமைப் பதிவை வலியுறுத்தியவருள் முதன்மையானவர். எனினும் தொழிலாளர் தரப்பிலும் தயக்கம் இருந்தது என்பதை மறைத்தல் வரலாற்றாய்வுக்கு ஏற்றதன்று. ஊரில் காணி உண்டு, என்றேனும் திரும்புவோம் என்னும் எண்ணமும், இந்நாட்டுக் குடியுரிமை பெற்றால் தாயகத் தொடர்பு அறுந்துவிடும் என்னும் அச்சமும் பலரைப் பின்னிழுத்தன. வந்துபோகும் கூலியாளாக அவர்களை நடத்திய அமைப்பே அவ்வெண்ணத்தையும் அவர்களிடம் வேரூன்றச் செய்தது எனல் பொருந்தும்.

4. சான்று கூற வேண்டியவர் மறைந்த நிலை

தோட்டப் பேரேடு தொழிலாளிக்குத் துணைநிற்க வேண்டுமாயின் பேரேடும் இருக்க வேண்டும். அதனைப் பேணிய நிருவாகமும் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் இரு நிகழ்ச்சிகள் குலைத்தன.

முதலாவது, 1941 முதல் 1945 வரையிலான போர்க்காலம். ஐரோப்பியத் துரைமார் சிறைப்பட்டோ நாட்டைவிட்டு நீங்கியோ போயினர். தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் திரும்பவேயில்லை. திரும்பியவர்க்கும் அவர்கள் சென்ற இடத்தையும் காலத்தையும் காட்டும் தாள் எதுவுமில்லை. பேரேட்டின் தொடர்ச்சி இங்கு அறுந்தது.

இரண்டாவது, 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல். விடுதலை நெருங்கிய காலத்தில் ஐரோப்பிய நிறுவனங்கள் சில தம் தோட்டங்களை விற்கத் தொடங்கின. அவற்றை வாங்கியோர் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துப் பலருக்கு விற்றனர். பேராசிரியர் உங்கு அப்துல் அசீசு 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்து, அதனால் தொழிலாளர்க்கு விளைந்த கேட்டை விளக்கினார். வேலையிழப்பு, குடியிருப்பு இழப்பு, கல்வி இழப்பு ஆகியவை பற்றி இதுகாறும் நிறையவே எழுதப்பட்டுள்ளன. ஆனால் மற்றோர் இழப்பும் உண்டு. தோட்டம் துண்டானபோது அதன் அலுவலகம் மறைந்தது. முப்பதாண்டுக் கணக்கை வைத்திருந்த நிருவாகம் கலைந்தது. புதிய சிறு உடைமையாளர், தாம் வாங்குவதற்கு முன்பு அங்கு யார் உழைத்தனர் என்று எவ்வாறு சான்று கூறுவார்? துண்டாடல் நிகழ்ந்த காலமும் குடியுரிமைப் பதிவுக்குச் சான்று தேவைப்பட்ட காலமும் ஏறத்தாழ ஒன்றே என்பது இங்கு உற்று நோக்கத்தக்கது.

துண்டாடலை எதிர்கொள்ள 1960-இல் துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவதே அதன் நோக்கமாகும். வேலையைக் காத்தல் என்னும் பொருளாதார நோக்கோடு, தொழிலாளரைச் சிதறாது ஓரிடத்தில் நிலைக்கச் செய்தல் என்னும் பயனும் அதனால் விளைந்தது.

இவற்றோடு, குத்தகை வேலைமுறை பரவியதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குத்தகைக்காரரின்கீழ் வேலை செய்தவரின் பெயர் தோட்டப் பேரேட்டில் ஏறுவதில்லை. அவர் அதே தோட்டத்தில், அதே மரத்தில் பால் வெட்டினாலும், நிறுவனத்தின் கண்ணுக்கு அவர் வெளியார் ஆவார்.

5. வேலை பெர்மிட்டும் முதலாளியும்

1953-இல் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதிய வரவைக் கட்டுப்படுத்தியது. முன்பே இங்கிருந்தும் குடியுரிமை பெறாதவர்கள் நிரந்தரக் குடியிருப்பாளர்களாகச் சிவப்பு அடையாள அட்டையுடன் வாழ்ந்தனர். நாட்டில் தங்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. தங்கிய நாட்டில் உழைக்கும் உரிமையும் அதனுள் அடங்கும் என்றே அவர்கள் நம்பியிருந்தனர்.

1968-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்நம்பிக்கையைத் தகர்த்தது. குடிமக்கள் அல்லாதார் வேலை செய்வதற்கு அனுமதி பெற வேண்டும் என்றும், அவ்வனுமதி இல்லாதவரை எம்முதலாளியும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாகாது என்றும் அது விதித்தது. 1969 மே 13 கலவரத்தை அடுத்து இச்சட்டம் கண்டிப்புடன் செயற்படுத்தப்பட்டது. குடிமக்களின் வேலையின்மையைப் போக்குவதே இதற்குக் கூறப்பட்ட காரணமாகும்.

இங்குத்தான் முதலாளியின் ஆதரவு நல்லெண்ணம் என்னும் நிலையிலிருந்து வாழ்வா வீழ்வா என்னும் நிலைக்கு மாறியது. அதுவரை முதலாளியின் கடிதம் இல்லாதவர் குடியுரிமையை மட்டுமே இழந்தார். இப்பொழுதோ அவர் வேலையை இழந்தார். வேலையோடு லயத்து வீட்டையும் இழந்தார். அவ்விரண்டும் இல்லாதபோது நிரந்தரக் குடியிருப்பாளர் என்னும் சொல்லுக்குப் பொருளே இல்லாமற் போயிற்று. இச்சட்டத்தின் விளைவாகச் சுமார் 60,000 இந்தியர் தமிழகத்துக்குத் திரும்பியதாக ஆய்வாளர் மதிப்பிடுவர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர். இருபது, முப்பது ஆண்டுகள் இங்கு உழைத்தவர். தோட்டத் தொழிலாளர் சங்கமும் இந்தியர் அமைப்புகளும் இவர்களுக்காக வாதாடின. பெர்மிட் பெற்றுத் தங்கியோரும் பலர். ஆனால் கணவன் சிவப்பு அட்டை, மனைவி நீல அட்டை, பிள்ளைகள் பிறப்பால் குடிமக்கள் என்றிருந்த குடும்பங்களுக்கு, ஒருவர் செல்வதா எல்லாரும் செல்வதா என்னும் கேள்விக்கு நேரிய விடை எதுவும் இல்லை.

வரலாற்றின் முரண் அடுத்த பத்தாண்டுக்குள்ளேயே வெளிப்பட்டது. 1970களின் பிற்பகுதியில் தோட்ட முதலாளிகள் ஆள் பற்றாக்குறை எனக் குரலெழுப்பினர். இந்தோனேசியத் தொழிலாளர் குத்தகைக்காரர்வழி வந்து சேர்ந்தனர். 1984-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் மேடான் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. பழகிய கைகளை அனுப்பிவிட்டுப் பழகாத கைகளைத் தேடிய இந்நிகழ்ச்சி, தொழிலாளர் பற்றிய கொள்கையில் நீண்ட நோக்கு இல்லாமையையே காட்டுகிறது.

6. இலங்கையோடு ஓர் ஒப்பீடு

மலையகத் தமிழரின் நிலையோடு இதனை ஒப்பிடுதல் பயனுடையது. இலங்கையில் 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை ஒதுக்கியது. 1949-ஆம் ஆண்டின் இந்திய, பாகிசுத்தானியக் குடியிருப்பாளர் சட்டம், 1946-க்கு முன் மணமானவர்க்கு 7 ஆண்டும் மணமாகாதவர்க்கு 10 ஆண்டும் இடையறாத வசிப்பைக் கேட்டது. ஏறத்தாழ 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. ஏற்கப்பட்டவர் சுமார் 134,000 பேரே. அங்கும் வசிப்புக்கான சான்று தோட்டத்துரையின் அலுவலகத்தில்தான் இருந்தது. ஊர் சென்று தங்கிய காலம் அங்கும் விண்ணப்பதாரர்க்கு எதிராகவே நின்றது. 1964-இல் கையெழுத்தான சிறிமா–சாத்திரி உடன்பாட்டின்படி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று.

மலாயாவில் கேட்கப்பட்ட ஆண்டுக் கணக்கு 1957-இல் தளர்த்தப்பட்டது. இலங்கையில் அது தளர்த்தப்படவில்லை. ஆதலின் இங்குப் பெரும்பான்மையோர் குடிமக்களாகினர்; அங்குப் பெரும்பான்மையோர் நாடற்றவராகினர். எனினும் இரு நாட்டிலும் சான்றின் தன்மை ஒன்றே. உழைத்தவர் சொல் எடுபடவில்லை. உழைப்பித்தவர் எழுத்தே எடுபட்டது.

7. அடுத்த தலைமுறையும் சிவப்பு அட்டையும்

விடுதலைக்குப்பின் இந்நாட்டில் பிறந்தவர் அனைவரும் பிறப்பால் குடிமக்களாகும் நிலை 1962 வரை இருந்தது. அவ்வாண்டின் திருத்தம், பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பாளராகவோ இருக்க வேண்டும் என்று விதித்தது. ஆகவே சிவப்பு அட்டை, அதனை உடையவர்க்குக் குடியுரிமை தராவிடினும், அவர் பிள்ளைக்குத் தந்தது. தந்தையும் தாயும் அதனையும் பெறாதிருந்தால் பிள்ளை நாடற்றதாக நேரக்கூடும். நிரந்தரக் குடியிருப்பு என்பது தங்குவதற்கான இசைவு மட்டுமன்று, அடுத்த தலைமுறைக்கான பாலமும் ஆகும் என்பது இதனால் பெறப்படுகிறது.

இப்பாலத்தைக் கடக்கவும் தாள்கள் வேண்டும். பிறப்பைப் பதிதல் வேண்டும். பெற்றோரின் திருமணத்தையும் பதிதல் வேண்டும். 1982-இல் நடப்புக்கு வந்த திருமணச் சட்டத்துக்குப்பின், கோயிலில் தாலி கட்டியும் பதிவு செய்யாத பெற்றோரின் பிள்ளை, தாயின் நிலையையே பெறும். தாய் ஆவணமற்றவராயின் தந்தையின் நீல அட்டை அப்பிள்ளைக்குப் பயன்படாது. பள்ளிச் சேர்க்கையிலும் தேர்விலும் வேலையிலும் இதன் விளைவைச் சந்தித்த இளைஞர் தோட்டப்புறங்களில் உள்ளனர்.

2011-இல் இந்தியரின் ஆவணச் சிக்கலைத் தீர்க்க 'மைடஃப்தார்' இயக்கம் நடத்தப்பட்டது. 2018-இல் சிவப்பு அட்டையுடன் வாழ்ந்த 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியர் 3,407 பேரின் குடியுரிமை குறித்து அரசு அறிவிப்பு வெளியிட்டது. 1957-இல் தொடங்கிய ஒரு கணக்கு அறுபதாண்டுகளுக்குப் பின்னும் முடியவில்லை என்பதை இவ்வெண் உணர்த்துகிறது. 2024 அக்டோபரில் மக்களவை ஏற்ற அரசியலமைப்புத் திருத்தமோ, நிரந்தரக் குடியிருப்பாளரின் பிள்ளை பிறப்பால் குடியுரிமை பெறும் ஏற்பாட்டை நீக்குவதாக அமைந்தது. மேற்கூறிய பாலத்தின் நிலையைக் கருதுவோர் இத்திருத்தத்தைக் கவனியாதிருத்தல் இயலாது.

8. இன்றைய தொழிலாளர்

பாகான் செராய் வட்டாரத் தோட்டங்களில் இரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. மலேசியத் தோட்டங்களில் இன்று உழைப்போருள் பெரும்பகுதியினர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து தற்காலிக வேலை அனுமதியுடன் வந்தவர்கள். அவ்வனுமதிக்கு விண்ணப்பிப்பவர் முதலாளியே; அது அம்முதலாளியோடு பிணைக்கப்பட்டது. குடும்பத்தை அழைத்து வருதலும் இங்குத் திருமணம் செய்தலும் அவர்களுக்குத் தடை. எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் அது நிரந்தரக் குடியிருப்பாக முதிர்வதில்லை. மாறாக, உயர்தகுதிப் பணியாளர்க்கு 2011 முதல் பத்தாண்டுக் குடியிருப்பு அனுமதி வழங்கப்படுகிறது. அது ஒரே முதலாளியோடு பிணைக்கப்படுவதும் இல்லை.

இவ்விரு நிலைகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது, நம் பாட்டன்மாரின் நிலைக்கும் இன்றைய தோட்டத் தொழிலாளியின் நிலைக்கும் உள்ள ஒப்புமை புலப்படும். அன்றைய தொழிலாளிக்கு முதலாளியின் ஆதரவு கிடைத்தால் ஒரு வழி இருந்தது. இன்றைய தொழிலாளிக்கு முதலாளி மனமுவந்து ஆதரித்தாலும் அவ்வழி இல்லை. நம் முன்னோர்க்கு இழைக்கப்பட்டதை அநீதி எனக் கூறும் நாம், இன்று நம் உணவகங்களிலும் கடைகளிலும் தமிழகத்திலிருந்து வந்து உழைப்போரிடம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பதையும் எண்ணிப்பார்த்தல் தகும். அவர்களின் கடப்பிதழும் சம்பளக் கணக்கும் யார் கையில் இருக்கின்றன என்னும் கேள்வி, செக்ரோல் யார் கையில் இருந்தது என்னும் பழைய கேள்வியின் மறுவடிவமேயாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று கருத்துகள் தெளிவாகின்றன. முதலாவதாக, பாகான் செராய் போன்ற தோட்டவட்டாரங்களில் தமிழரின் குடியிருப்புரிமை சட்டத்தால் மட்டுமன்றி, முதலாளியின் கையிலிருந்த எழுத்தாலும் உறுதிப்பட்டது அல்லது கைநழுவியது. இரண்டாவதாக, வரி செலுத்துவதற்காகத் தொழிலாளியின் ஒவ்வொரு நாளையும் எண்ணிய அமைப்பு, அவருக்கு உரிமை தேவைப்பட்டபோது அந்நாள்களை எண்ணித்தரக் கடமைப்பட்டிருக்கவில்லை. மூன்றாவதாக, முதலாளியின் ஆதரவு கடமையாக அன்றி நல்லெண்ணமாக இருந்தமையால், ஒரே நிலையில் இருந்தோர் வேறு வேறு முடிவுகளை அடைய நேர்ந்தது.

தோட்ட அலுவலகங்கள் மூடப்பட்டும் நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டும் வரும் இக்காலத்தில், எஞ்சியுள்ள செக்ரோல்களும் தொழிலாளர் பதிவேடுகளும் கரையானுக்கு இரையாகாமல் காக்கப்பட வேண்டும். அவை ஆய்வாளர்க்கு மட்டும் உரிய பொருள்களல்ல. ஆவணமின்றித் தவிக்கும் குடும்பத்தின் பாட்டனோ பாட்டியோ இம்மண்ணில் உழைத்ததை மெய்ப்பிக்கும் ஒரே எழுத்தாக அவற்றின் ஒரு பக்கம் இன்றும் அமையக்கூடும். நிறுவனங்கள் அவற்றைத் தேசிய ஆவணக் காப்பகத்திடமோ பல்கலைக்கழக நூலகங்களிடமோ ஒப்படைக்க முன்வருதல் வேண்டும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த முதியோரிடம் அவர்தம் வரவையும் வாழ்வையும் கேட்டுப் பதிவுசெய்யும் பணியை மாணவர்கள் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளுதலும் வேண்டும். அப்பதிவுகள் தொழிலாளியின் வாழ்வைத் தொழிலாளியின் சொல்லிலேயே சான்றாக்கும்.